பகல் பத்திலிருந்து மூன்று வரை

சாயங்காலம் நான் வாஷிங் மெஷினைப் போட்டதுமே என் வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார்.

"பேட்டரியைக் காலி பண்றியா? மொட்டை மாடி முழுக்க சோலார் போட்டது எதுக்கு? வெயில் அடிக்கும்போது துணி துவைச்சா குறைஞ்சா போயிடுவே?"

தினமும் இதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெஷினை நிறுத்தினேன். செல்போனில் சோலார் பேட்டரியின் ஆப்பைத் திறந்து, மெஷின், மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் எல்லாமே பகல் பத்திலிருந்து மூன்று வரை மட்டும் ஓடும்படி பூட்டிவிட்டேன்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே!" என்றார்.

மறுநாள் காலை எட்டரைக்கு, அவர் விரித்துப் படித்துக்கொண்டிருந்த பேப்பர் மேலேயே அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்தேன்.

"என்னடி இது?"

"வெயில் அடிக்கிற நேரத்துல நான் ஆபீஸ்ல இருப்பேன். ரிடையராகி வீட்ல இருக்கிறது நீங்கதான். துவைங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க!"