அறுபது வாட்ஸ்

பவர் சப்ளைக்குள் எத்தனை வாட்ஸ் போகிறது, எத்தனை வெளியே வருகிறது என்று அளப்பது என் வேலை. இடையில் காணாமல் போவதெல்லாம் சூடாகிவிடும். பெட்டியின் மேல் கையை வைத்தாலே தெரியும்.

இன்று எங்கள் வீட்டுக் கணினியின் பவர் சப்ளையைக் கழற்றி வேலையிடத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். மனைவி இறந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. சோதித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எண்ணம்.

மின்சாரத்தை இழுக்கும் லோடு எதுவும் இணைக்காமல் ஆன் செய்தேன். சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டிய மீட்டர் அறுபதில் நின்றது. பக்கத்து மேசைக்காரர் வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

“சூடும் ஆகல, வெளியவும் வரல. அப்புறம் யாரு சார் இதைச் சாப்பிடுறா? மீட்டரை மாத்திப் பாருங்க.”

மாற்றினேன். அறுபதுதான். அவள் கணினியில் சீட்டு விளையாடும்போது அது இழுப்பதும் அவ்வளவுதான், நானே அளந்திருக்கிறேன்.

மாலையில் அவர் பையை எடுத்துக்கொண்டார். “ஆஃப் பண்ணிட்டு வாங்க சார், பூட்டணும்.”

சுவிட்சில் கை வைத்தேன். வீட்டில் அப்படிக் கை வைக்கும்போதெல்லாம் அவள் திரும்பாமலே சொல்வாள்: “இருங்க, இந்த ஆட்டம் முடியட்டும்.”

“நீங்க கிளம்புங்க, நான் பூட்டிக்கிறேன்” என்று அவரை அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.