ஜெரோமின் ஸ்கூட்டர்

1998இல் அண்ணன் ஜெரோம் இறந்த பிறகு அவனுடைய பழைய ஸ்கூட்டரை யாரும் எடுக்கவில்லை. இன்று அண்ணி ஜெஸ்ஸிக்கு மில்லில் முதல் நாள். லேட்டானால் வேலை போய்விடும். பஸ் ஸ்டிரைக் வேறு. நைட் ஷிப்டிலிருந்து வந்ததும் கார்புரேட்டரைக் கழுவினேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தேன்.

“ஓடுமா தம்பி? இல்ல, உன்ன மாதிரி பகல்ல தூங்குமா?” என்றாள் ஜெஸ்ஸி.

“பிளக்க மாட்டுனா ஓடும்.”

வண்டி தானாக ஸ்டாண்டிலிருந்து இறங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்ந்தது. பெட்ரோல் இறங்குவதற்கு ஜெரோம் அப்படித்தான் சாய்ப்பான். கிக்கர் ஒருமுறை கீழே போனது. என்ஜின் பிடித்துக்கொண்டது. பிளக் இன்னும் என் கையில் இருந்தது.

ஜெஸ்ஸி பையோடு வந்து பின்சீட்டில் ஏறினாள்.

“மெதுவாப் போங்க,” என்றாள். என்னிடம் இல்லை.

முன்சீட் காலியாகத்தான் இருந்தது. தெருமுனையில் வண்டி வேகம் குறைத்து, ஓர் ஆட்டோவுக்கு வழிவிட்டுத் திரும்பியது.