வரப்பு மட்டும் மிச்சம்

முதல் மழை பெய்ததும் வயல் எலி செவந்தான் துள்ளிக் குதித்தான்.

"செண்பகம், மண்ணு நல்லா நனைஞ்சிருச்சு! இந்தத் தடவை வயல் முழுக்கப் பருத்திதான். பஞ்சைக் கூடு கட்டுற குருவிங்களுக்குக் கொடுத்துட்டு உனக்குப் பாசிமணி வாங்கிட்டு வர்றேன்!"

"எனக்குப் பச்சை மணிதான் வேணும்!" என்று மனைவியும் குதித்தாள்.

வளையிலிருந்த எல்லா விதைகளையும் அள்ளிக்கொண்டு அவன் வயலுக்கு ஓட, வளையிலிருந்த பிள்ளைகளெல்லாம் கூச்சலிட்டபடி பின்னால் ஓடிவந்தார்கள்.

"அப்பா, எனக்குக் கம்பு!"

"எனக்குச் சோளம்!"

"போன கோடை மாதிரி என்னால பட்டினி கிடக்க முடியாதுப்பா. எனக்கும் கம்பு!"

செவந்தானுக்கு மனசு கேட்கவில்லை. பாதி வயலைக் கம்புக்கு விட்டான். இன்னும் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். மீதியில் சோளம் போட்டான். கடைசியில் வரப்புதான் மிஞ்சியது.

"அதனாலென்ன, வரப்புல பருத்தி போடுவோம்!" என்று உற்சாகமாகக் குழி பறித்து விதையைப் போட்டான்.

அப்போது செண்பகம் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏங்க, நம்ம பெரியவளுக்குப் பிரசவமாயிருச்சு! ஒரே ஈத்துல எட்டுக் குட்டி!"

"எட்டா!" என்று செவந்தான் சந்தோஷத்தில் கூவினான். குழியிலிருந்த பருத்தி விதையை எடுத்துவிட்டு, துவரையைப் போட்டு மூடினான். பிறகு பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஓடினான்.