காயாம எடுங்க!

"திருப்புங்க! திருப்புங்கன்னு சொல்றேன்ல!"

ஆடிட்டர் போட்ட சத்தத்தில் எலக்ட்ரீஷியனின் கையிலிருந்த இடுக்கி நழுவி அடுப்புக்குப் பின்னால் விழுந்தது. அவர் அதைத் துழாவி எடுத்து, கழுவித் துடைத்துக்கொண்டு வருவதற்குள், வாணலியில் கிடந்த போர்க் சாப்ஸ் என்கிற பன்றிக்கறித் துண்டு ஓரமெல்லாம் சுருண்டு கிண்ணம் மாதிரி நிமிர்ந்துவிட்டது.

ஆடிட்டர் அதைத் தட்டில் போட்டுக் கத்தியால் அறுத்துப் பார்த்தார். கத்திதான் வழுக்கியது.

"இதைச் செருப்புக்கு அடியில வெச்சுத் தைக்கலாம்."

"இதுவும் போச்சா சார்?"

"போச்சு. அடுத்ததை எடுங்க."

அது எலக்ட்ரீஷியனின் வீட்டுச் சமையலறை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 'ஒரே ஒரு தடவை வந்து சொல்லித் தாங்க சார்' என்று போன் போட்டுக் கூப்பிட்டது எலக்ட்ரீஷியன்தான். ஆடிட்டர் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. வந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. எரிந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"ஓரத்துக் கொழுப்பை அங்கங்கே கீறிவிடச் சொன்னேனே, செஞ்சீங்களா?"

"மறந்துட்டேன் சார்."

"உப்புத் தண்ணியில ஊறினதைத் துணியால ஒத்தி எடுக்கச் சொன்னேனே?"

"ஒத்தினேன் சார். லேசா."

"லேசாவா? ஈரத்தோட போட்டா எப்படி நிறம் வரும்? நிறம் வரலையேன்னு நீங்க பாட்டுக்கு அடுப்பிலேயே விட்டுவெப்பீங்க. அதுக்குள்ள உள்ளே இருக்கற சாறெல்லாம் போயிடும். மெல்லிசுத் துண்டுங்க இது. நின்னு யோசிக்க நேரம் தராது. கரண்ட் வேலையிலயும் இப்படித்தான் யோசிச்சுக்கிட்டு நிப்பீங்களா?"

"அங்கே மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே சார் கை வெப்பேன்."

ஆடிட்டருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கறிக்கடைக்காரர்கூடச் சொன்னாரு சார், கனமா வெட்டி வாங்கிட்டுப் போங்க, வேலை சுலபம்னு."

"சுலபம்தான். ஆனா அவ தொடமாட்டா. மெல்லிசா இருக்கணும், ஓரம் முறுகியிருக்கணும், உள்ளே பூ மாதிரி இருக்கணும். இல்லேன்னா தட்டை அப்படியே தள்ளி வெச்சுடுவா."

"தெரியும் சார். இன்னிக்குக் காலையிலயும் தள்ளித்தான் வெச்சா." எலக்ட்ரீஷியன் துணியை எடுத்து அடுத்த துண்டை அழுத்தி ஒற்றினார். "கல்யாணத்துக்கு முன்னாடியெல்லாம் என்கிட்ட நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் என் மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டேங்கறா. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கறா. நானும் என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டேன்."

ஆடிட்டர் குழாயைத் திறந்து, கழுவிய கத்தியையே மறுபடி கழுவினார்.

"கோபம் வந்தா முதல்ல சாப்பாட்டு மேலதான் காட்டுவா. நானும் பட்டிருக்கேன்."

"உங்களைக் கூப்பிடவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு சார். வேற யாராவதா இருந்தா வந்திருப்பாங்களா?"

"போதும். அடுப்பை ஏத்துங்க. இன்னும் ஏத்துங்க. எண்ணெய் புகைய ஆரம்பிக்கணும். ஒண்ணை மட்டும் போடுங்க, இடத்தை அடைக்காதீங்க. போட்டாச்சா? தொடாதீங்க. அட, தொடாதீங்கன்னா! கையைப் பின்னால கட்டுங்க!"

எலக்ட்ரீஷியன் நிஜமாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இப்போ திருப்புங்க. நிறம் வந்திருக்கா? இந்தப் பக்கம் அவ்வளவு நேரம் வேண்டாம். சும்மா சூடு காட்டிட்டு எடுங்க."

"உள்ளே வெந்திருக்குமா சார்?"

"எடுய்யா!"

எடுத்தார்.

"மேல கொஞ்சம் வெண்ணெய் வெச்சு மூடுங்க. மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கும். அவசரப்பட்டு அறுத்தீங்கன்னா சாறு தட்டுல ஓடிடும், கறி உங்க வாயில காயும்."

மூடியைத் திறந்தபோது வாசனை வீடு முழுக்கப் பரவியது. கத்தியை வைத்ததுமே துண்டு விட்டுக்கொடுத்தது. எலக்ட்ரீஷியன் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"சார்!"

"வழியாதீங்க. மிச்சத்தையும் இதே மாதிரி போடுங்க."

கடைசித் துண்டும் தட்டுக்கு வந்ததும் ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"இருங்க சார், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. அவளும் வந்துடுவா."

"அவ வர்றதுக்குள்ள நான் கிளம்பணும். நான் இங்கே வந்தேன்னு மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா அப்புறம் நீங்க என்ன ஆக்கிப் போட்டாலும் தொடமாட்டா. நீங்களே பண்ணினதா இருக்கட்டும்."

"அது நியாயமில்லையே சார்."

"நியாயம் கேட்கவா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று சிடுசிடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

காரைத் தெருமுனை வரைக்கும்தான் ஓட்ட முடிந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வெண்ணெய் வாசனை. போகவும் மனமில்லை, நிற்கவும் காரணமில்லை.

போன் அடித்தது. எலக்ட்ரீஷியன் ரகசியக் குரலில் பேசினார்.

"சாப்பிட்டுட்டா சார்! இன்னொண்ணு வேணும்னு தட்டை நீட்டறா!"

"அப்புறம் என்ன, சந்தோஷமா போடுங்க. எனக்கு எதுக்குப் போன்?"

எலக்ட்ரீஷியன் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"ஸ்கூல் பையைக்கூட இன்னும் தோள்லேர்ந்து இறக்கலை சார். முதல் வாய் வெச்சதுமே, 'எங்கப்பா வந்திருந்தாரா அங்கிள்?'னு கேட்டுட்டா. நான் என்ன சார் சொல்லட்டும்?"