ப்ராக்ஸி முகவரி

மருத்துவமனையின் கணினிப் பிரிவில், திரைச்சீலைக் கிழிசல் வழியாக மதிய வெயில் அதிகாரியின் வழுக்கையில் விழுகிறது. அவர் சாய்ந்து உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். எதிரே நெட்வொர்க் பார்க்கும் பெண் கைகட்டி நிற்கிறாள். கீழே அறுவை அரங்கில் ஒரு கர்ப்பிணிக்கு, எளிதில் கிடைக்காத வகை ரத்தம் வேண்டும். எங்கே இருக்கிறதென்று வெளியூர்களைக் கேட்க வேண்டிய ரத்த வங்கிக் கணினியை, அதிகாரி நேற்று ஆள்வைத்துப் போட்ட ஃபயர்வால் மறித்துக்கொண்டிருக்கிறது. இனி எல்லாம் ப்ராக்ஸி சர்வர் என்ற இடைக்கணினி வழியாகத்தான் வெளியே போகவேண்டுமாம். அதன் முகவரியைத்தான் அவள் அரைமணி நேரமாகக் கேட்கிறாள். "பாதுகாப்பு விஷயம்மா. கேட்டதும் தூக்கிக் கொடுக்க முடியுமா?" என்கிறார். மனிதருக்கு அது தெரியவே தெரியாது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் அவர் திரையில் இணையத்தில் வரும் குதிரைப் பந்தயம் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

"கொஞ்சம் நகருங்க சார்." அவருடைய மௌஸைப் பிடுங்காத குறையாக வாங்கி, செட்டிங்கைத் திறக்கிறாள். முகவரியும் போர்ட் எண்ணும் அங்கேயே இருக்கின்றன. "ஐயோ, கடைசிச் சுத்தும்மா!" என்று பதறுகிறார். அவள் ரத்த வங்கிக்குப் போன் போட்டு, ஒவ்வொரு எண்ணாகச் சொல்கிறாள். போனில் விசைப்பலகைச் சத்தம் கேட்கிறது. பிறகு, "கனெக்ட் ஆயிடுச்சுக்கா! பக்கத்து ஊர்ல ரெண்டு பை இருக்காம். வண்டி கிளம்புது!" என்று ஒரு குரல் கத்துகிறது. "பாத்தியா, நான் போட்ட செட்டப்பு!" என்று அதிகாரி நெஞ்சை நிமிர்த்துகிறார். அவரைத் திட்டக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. திட்டுவதற்கும் எதிரே ஓர் ஆள் வேண்டுமே.