முன்தசை விட்டுக்கொடுத்த வேலை

ஓட்டப்பந்தய வீராங்கனை பூவிழியின் காலில் இரண்டு தசைகள் குடியிருந்தன. நடக்கும்போது பாதத்தைத் தூக்குவது முழங்காலுக்குக் கீழே முன்னாலிருந்த முன்தசை. ஓடும்போது உந்தித் தள்ளுவது பின்னாலிருந்த கெண்டைக்கால் தசை.

பூவிழி நடந்துகொண்டிருந்த டிரெட்மில்லின் வேகம் கூடக்கூட, விறுவிறு நடையில் முன்தசை எரிந்தது.

"ஓடிவிடலாம் அக்கா, பாரத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றது கெண்டைக்கால் தசை.

"போன வாரம் சுளுக்கிக் கிடந்தவள் நீ. பேசாமல் இருடி."

"நீங்கள் பிடிவாதம் பிடித்தால் பூவிழிதான் விழுவாள்."

வேகம் இன்னும் ஏறியது. பாதத்தின் நுனி பட்டையில் உரச, பூவிழி தடுமாறினாள்.

"சரி, பிடி" என்றது முன்தசை.

கெண்டைக்கால் தசை ஓங்கி உந்தியது. இரண்டு பாதங்களும் ஒரு கணம் காற்றில் மிதந்தன. பூவிழி சிரித்தபடி ஓடினாள்.

சற்று நேரம் கழித்து, "வேகத்தைக் குறைக்கப் போகிறாள், தயாராகுங்கள் அக்கா" என்றது கெண்டைக்கால் தசை.

"அதற்குள்ளாகவா? இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே" என்றது முன்தசை.