குண்டப்பனின் கும்பிடு

பருத்திச் செடியொன்றில் குண்டப்பன், சின்னான் என்று இரண்டு புழுக்கள் இருந்தன.

"கடைப் பூச்சிமருந்து குடிச்சே வளர்ந்த பரம்பரைடா நம்முது! அது நமக்குக் காப்பி மாதிரி" என்று குண்டப்பன் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் விவசாயி செங்கோடன் வேப்பெண்ணெயில் சோப்பு கலந்து தெளித்தார்.

"அண்ணே, சோப்பு வாசனை வருதே!" என்றது சின்னான்.

"நம்மளக் குளிப்பாட்டுறாருடா!" என்று சிரித்தபடியே குண்டப்பன் இலையைக் கடித்தது. உடனே துப்பியது. அடுத்த இலையும் கசந்தது. காயும் கசந்தது.

"சாகப் போறியா அண்ணே?"

"இல்லடா. பசிக்குது, ஆனா வாய் வைக்க முடியல."

மறுநாள் அதன் தொப்பை ஒட்டிப்போயிருந்தது. மிச்சச் செடிகளுக்கும் தெளிக்கச் செங்கோடன் வந்ததும், குண்டப்பன் முன்னங்கால்களைக் கூப்பிக் கெஞ்சியது:

"ஐயா, அந்தப் பழைய விஷத்தையே குடுங்க! சாப்பாட்டுல மட்டும் கை வைக்காதீங்க!"